நெடுநடைக்கேற்ற உடையும் காலணியும்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கிறது. 1940-இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது அது. அதனையும், காரையில் மழைநீர் அரித்த களிமண் பள்ளங்களையும் காண மாணவரைப் பலமுறை நடத்திச் சென்றவன் நான். அந்நடைக்கு உடை தேர்வது அழகுக்கன்று, உடலைக் காப்பதற்கே.

கோடையில் அங்கே நிழல் அரிது. தளர்ந்த, வெளிர்நிறப் பருத்தி முழுக்கைச் சட்டை அணிக. பருத்தி உறிஞ்சும் வியர்வை காற்றில் உலரும்போது உடல் குளிரும். தலைக்குத் துண்டோ தொப்பியோ இன்றியமையாதது. ரப்பர்ச் செருப்புடன் வந்தோர் சிறிது தொலைவிலேயே கருவேல முள் பிடுங்க உட்காரக் கண்டிருக்கிறேன். தடித்த அடியுடன் விரல்களை மூடிய காலணியே தக்கது.

ஐப்பசி, கார்த்திகை மழையிலோ அதே பருத்தி பகையாகும். நனைந்தால் எளிதில் உலராது, உடற்சூட்டைக் கவரும். விரைந்து உலரும் செயற்கையிழை ஆடையும் மழையங்கியும் கொள்க. ஈரக் களிமண் காலணியடியின் வரிப்பள்ளங்களை நிரப்பிவிடும். பிடிப்பு நீங்கிக் கால் வழுக்கும். எனவே சேற்றை அவ்வப்போது சுரண்டுக. நனைந்த சரிவில் எக்காலணியுடனும் இறங்கற்க.

புறப்படுமுன் வானையும் மண்ணையும் நோக்குங்கள். பின்னரே உடைப்பெட்டியைத் திறவுங்கள்.