மூத்ததற்கு ஒரு துணை

வீட்டில் வளரும் நாய்க்கு எட்டு, ஒன்பது வயது ஆகும்போது சில மாற்றங்கள் கண்ணில் படத் தொடங்குகின்றன. முகத்தில் நரை தெரிகிறது. மாடிப்படியின் கீழே ஒரு கணம் தயங்கி நின்ற பிறகே ஏறுகிறது. அழைப்புமணி ஒலித்தால் வாசலுக்கு ஓடிய நாய், இப்போது படுத்த இடத்திலிருந்தே தலையை உயர்த்திப் பார்க்கிறது. பிள்ளைகள் படிப்பிற்கும் வேலைக்கும் வெளியூர் சென்றுவிட்ட வீடுகளில், பகல் முழுவதும் அது தனித்தே கிடக்கிறது. இந்நிலையில்தான், ‘இதற்குத் துணையாக ஒரு குட்டியை எடுத்து வளர்த்தால் என்ன?’ என்னும் எண்ணம் பலருக்கும் எழுகிறது. தெருவிலிருந்து மீட்கப்பட்ட ஓர் உயிருக்கு வாழ்வளித்தது போலவும் ஆகுமே என்ற நல்லெண்ணமும் உடன் சேர்ந்துகொள்கிறது.

எண்ணம் உயர்ந்தது. ஆயினும், வங்கியில் கடன் கோரி வருவோரிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வியை இங்கும் கேட்க வேண்டியுள்ளது: தவணைக்காலம் எத்தனை ஆண்டு? மூத்த நாய்க்கு எஞ்சியிருப்பவை சில ஆண்டுகளே. புதிதாக வரும் நாட்டு நாய்க்குட்டியோ நல்ல பராமரிப்பில் 12 முதல் 15 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆகவே இளையதை அதன் வாழ்நாள் முழுமைக்குமாக ஏற்க வேண்டும். அதன் வருகையால் மூத்ததன் அமைதி குலையாமலும் காக்க வேண்டும். இவ்விரண்டிற்கும் ஆயத்தமாக இருப்போரே இம்முடிவை எடுக்கலாம்.

தனிமையா, வலியா?

முதல் வேலை, மூத்த நாயைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதாகும். நாம் தனிமை என்று கருதுவது பல நேரங்களில் வலியாக இருக்கிறது. மூட்டுத் தேய்வு, பல் நோய், மங்கிய பார்வை, குறைந்த செவித்திறன் ஆகியவற்றுள் எது இருந்தாலும் நாய் ஒதுங்கிக் கிடக்கும், விளையாட மறுக்கும். இடுப்பு மூட்டு வலியால் துன்புறும் லாப்ரடார் மீது ஒரு குட்டி பாய்ந்து பாய்ந்து விளையாடினால், அதற்குக் கிடைப்பது துணையன்று, தொல்லையே. வலிக்கு மருத்துவம் செய்தவுடன் பழைய உற்சாகம் திரும்பிய நாய்கள் உண்டு. ஆனால், மனிதர்க்கான வலி மாத்திரைகளை ஒருபோதும் தாமாகக் கொடுக்கலாகாது. ஐபுப்ரோஃபென் போன்றவை நாய்களுக்கு நஞ்சாகும்.

அடுத்து அதன் இயல்பை நோக்க வேண்டும். நடைப்பயிற்சியில் பிற நாய்களைக் கண்டால் வாலை ஆட்டி நெருங்குகிறதா, விலகி நடக்கிறதா, சீறுகிறதா? வாழ்நாள் முழுவதும் பிற நாய்களை விரும்பாத ஒன்று, முதுமையில் மனம் மாறும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அத்தகைய நாய்க்கு, மாலையில் கூடுதலாக அரைமணி நேரம் அதன் அருகில் அமர்ந்திருக்கும் மனிதரே சிறந்த துணை.

எந்தக் குட்டி?

துணை தேவை என்று தெளிந்தபின், மிகச் சிறிய குட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் கொள்ள வேண்டியதில்லை. இரண்டு மாதக் குட்டி காண அழகானது. ஆனால் கூரிய பற்களும் அடங்காத வேகமும் உடையது. ஒன்று அல்லது இரண்டு வயதான, கருத்தடை அறுவை முடிந்த, அமைதியான நாய் பெரும்பாலும் முதிய நாயோடு எளிதில் பொருந்திவிடும். அதன் குணமும் முன்பே தெரிந்திருக்கும். குட்டியே வேண்டுமெனில், எட்டு வாரத்திற்கு முன் தாயிடமிருந்து பிரிக்கப்படாததாகப் பார்க்க வேண்டும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டை ஒருசேர எடுப்பதைத் தவிர்ப்பது நலம். அவை தமக்குள் விளையாடிக்கொண்டு மூத்ததை ஒதுக்கிவிடக்கூடும்.

சென்னையில் 1959-இல் தொடங்கப்பட்ட ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா போன்ற அமைப்புகள் பல நகரங்களில் உள்ளன. அவற்றின் காப்பகங்களில் குட்டியின் தடுப்பூசி விவரம், உடல்நிலை ஆகியவற்றைக் கேட்டறியலாம். மூத்த நாயோடு சந்திக்க வைத்துப் பார்க்க இயலுமா என்றும் தயங்காமல் கேளுங்கள்.

தெருநாய்கள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த ஆணையிலும் தத்தெடுப்பிற்கு இடம் உண்டு. விருப்பமுள்ளோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். எடுத்த நாய் மீண்டும் தெருவிற்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்று அது கூறுகிறது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960, பசியாலும் தாகத்தாலும் துன்புறும் வகையில் விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமாகக் கொள்கிறது. ‘ஒத்துவரவில்லை, விட்டுவிட்டோம்’ என்பது சட்டத்தின் முன்னும் எளிய சொல்லன்று.

பதினான்கு நாள் தனியறை

மீட்கப்பட்ட குட்டி எவ்வளவு துறுதுறுப்பாக இருந்தாலும், வந்த அன்றே மூத்ததோடு சேர்த்துவிடலாகாது. குட்டிகளைப் பெரிதும் பலிகொள்ளும் பார்வோ நோய், கிருமி தொற்றியபின் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் வெளிப்படும். சில வேளைகளில் 14 நாட்கள் வரை ஆகலாம். ஆகவே குறைந்தது இரண்டு வாரம் தனியறை, தனித் தட்டு, தனிப் படுக்கை ஆகியன தேவை. குட்டியைத் தொட்டபின் கைகழுவி, செருப்பை மாற்றிக்கொண்டே மூத்ததிடம் செல்ல வேண்டும். மூத்ததன் தடுப்பூசிகள் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்பதைக் குட்டி வருமுன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் நாக்பூரில் பணியாற்றியபோது, எங்கள் அடுக்ககத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் வசித்தனர். அவர்களிடம் பத்து வயது லாப்ரடார் ஒன்று இருந்தது. அதற்குத் துணையாகக் கட்டுமான இடத்தில் மீட்கப்பட்ட குட்டி ஒன்றை எடுத்தனர். மருத்துவர் சொற்படி அதைப் பின்னறையில் தனியே வைத்திருந்தனர். ஐந்தாம் நாள் குட்டி வாந்தியெடுத்தது. இரத்தம் கலந்து வயிற்றுப்போக்கு கண்டது. பார்வோ என்று உறுதியாயிற்று. ஆறு நாட்கள் நரம்புவழித் திரவம் ஏற்றிய பின்னரே அது பிழைத்தது. தடுப்பூசி முறையாகப் போடப்பட்டிருந்த மூத்த நாய்க்கு ஒரு தீங்கும் நேரவில்லை. அந்த அறையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் பலமுறை கழுவினர். பார்வோ கிருமி சாதாரண சோப்பிற்கு அழியாது, மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும்.

குடற்புழு நீக்கம், உண்ணி ஒழிப்பு, மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, உரிய வயதில் கருத்தடை அறுவை ஆகியவற்றை மருத்துவர் தரும் அட்டவணைப்படி முடிக்க வேண்டும். பல மாநகராட்சிகளில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறுவது கட்டாயம். அதற்குத் தடுப்பூசிச் சான்று தேவைப்படும்.

முதல் சந்திப்பு

இரண்டையும் முதன்முதலில் வீட்டிற்குள் சந்திக்க வைப்பதைவிட, இரண்டிற்கும் உரிமையில்லாத பொதுவான இடத்தில் சந்திக்க வைப்பது நல்லது. தடுப்பூசி முழுமையாகாத குட்டியெனில், பிற நாய்கள் வராத மொட்டைமாடி போதும். இருவர் இரண்டு நாய்களையும் தளர்ந்த கயிற்றில் பிடித்து, சற்று இடைவெளி விட்டு இணையாக நடக்கலாம். மோப்பம் பிடித்து விலகினால் அன்றைக்கு அதுவே போதும்.

மூத்தது உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் என்பது ‘போதும், நகர்ந்து போ’ என்னும் அதன் மொழி. அதற்காகத் தண்டிக்கப்பட்ட நாய், அடுத்தமுறை எச்சரிக்கை ஏதுமின்றிக் கடித்துவிடலாம். குட்டியை மெல்ல அப்புறப்படுத்துவதே முறை. உணவுத் தட்டுகளைத் தனித்தனி இடங்களில் வையுங்கள். எலும்பும் பொம்மையும் பொதுவில் கிடக்க வேண்டாம். குட்டி நுழைய முடியாத ஓர் ஓய்விடம் மூத்ததற்கு எப்போதும் இருக்க வேண்டும். உணவும் கழுத்துப்பட்டையும் வருடலும் முதலில் மூத்ததற்கே கிடைக்கட்டும். ஓரிரு மாதங்கள் வரை இரண்டையும் ஆளில்லாமல் விட்டுச் செல்லலாகாது.

நாக்பூர் வீட்டில் முதல் மூன்று வாரம் உறுமல்தான். ஒரு மழைநாளில் இடி இடித்தபோது, நடுங்கிய குட்டி மூத்ததன் முதுகோடு ஒட்டிப் படுத்தது. மூத்தது எழுந்து போகவில்லை. அதன்பின் காலை நடைக்கு இரண்டும் சேர்ந்தே புறப்பட்டன.

கருணைக்கும் கணக்கு வேண்டும்

இரண்டாவது நாய் வந்தால் உணவுச் செலவு கூடும் என்பது எவருக்கும் தெரியும். பலர் எண்ணாதது, மூத்ததன் முதுமை மருத்துவச் செலவும் இளையதன் தொடக்கச் செலவும் ஒரே காலத்தில் வந்து சேரும் என்பதே. மாதம் 1,000 ரூபாய் வீதம் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தினால், மூன்றாண்டு முடிவில் 36,000 ரூபாயும் அதற்கான வட்டியும் கையில் இருக்கும். நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடும்போது அத்தொகை பெரிய ஆறுதல். வளர்ப்பு நாய்க்கான காப்பீட்டைச் சில பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்குகின்றன. அவற்றில் நுழைவு வயது வரம்பையும், முன்பே உள்ள நோய்களுக்கான விலக்கையும் படித்தபின் கையெழுத்திடுங்கள்.

பணியிட மாறுதலுக்கு உட்பட்டோர் பயணத்தையும் எண்ண வேண்டும். இரயிலில் முதல் வகுப்பில் நாயை உடன் அழைத்துச் செல்ல, இரண்டு படுக்கை அல்லது நான்கு படுக்கை கொண்ட அறை முழுவதையும் பதிவு செய்ய வேண்டும்.

அறுபதைக் கடந்தோர் இன்னொன்றையும் எழுத்தில் வைப்பது நலம். நாயின் பெயரில் கணக்குத் தொடங்கவோ அதை வாரிசாக நியமிக்கவோ இயலாது. ஆனால், ‘எனக்குப் பின் இதை இன்னார் பராமரிக்க வேண்டும், அதற்கு இத்தொகை’ என்று உயிலில் குறிப்பிடலாம், அவரிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றிருப்பது முக்கியம். 2024 அக்டோபரில் மறைந்த தொழிலதிபர் இரத்தன் டாட்டா, தம் நாய் டிட்டோவின் பராமரிப்பிற்குத் தம் உயிலில் வகை செய்திருந்ததாக நாளேடுகள் எழுதின.

மூத்தது ஒருநாள் விடைபெறும். அன்று இளையதும் துயருறும். உணவை ஒதுக்கும், பழைய படுக்கையை முகர்ந்து நிற்கும். போனதன் இடத்தை நிரப்பும் கடமை அதற்கு இல்லை. அது தன் வாழ்வை வாழ வந்த இன்னொரு உயிர். அதை அவ்வாறே ஏற்கும் மனம் உடைய வீட்டில், மூத்ததன் கடைசி ஆண்டுகளுக்குத் துணை கிடைக்கும்; இளையதற்கும் ஒரு முழு வாழ்வு கிடைக்கும். முடிவெடுக்குமுன் குடும்பத்தார் அனைவரும் ஒரு மாலை சேர்ந்து அமர்ந்து, நாள்தோறும் நடைக்கு அழைத்துச் செல்வது யார், செலவு எவ்வளவு, யாரும் இல்லாத நாளில் பொறுப்பு யாருடையது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாள் நிரம்பினால், காப்பகத்திற்குப் புறப்படலாம்.