கடைகளின் போட்டியும் வாங்குவோர் உரிமையும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வழியில், முன்னர் ஏரிப் பாசன வயல்களாக இருந்த நிலங்களில், இன்று ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. டெல் நிறுவனத்தின் கணினி ஆலை ஸ்ரீபெரும்புதூரில் 2007ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. எச்.பி. நிறுவனத்தின் கணினிகளும் அவ்வூரிலுள்ள ஃபிளெக்ஸ் ஆலையில் உருவாகியுள்ளன. இத்தகைய கணினிகளை வாங்கும் இளைஞர் பலர் அவற்றில் விளையாடவும் செய்கின்றனர். அவ்விளையாட்டுகளை விற்கும் கடைகளுக்குள் நிகழும் போட்டி எத்தகையது, அதனால் வாங்குவோர்க்கு விளைவது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நேயர்கள் வினவலாம். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஒரகடத்து ஆலையில் வேலை பார்க்கிறார். ஊதியத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக எஞ்சும் சிறு தொகையில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று விளையாட்டுகள் வாங்குவார். அவர் ஒரு நாள், “சார், ஒரே கணினியில் மூன்று கடைகளுக்குக் கணக்கு வைத்திருக்கிறேன். நான் விரும்பும் விளையாட்டு நான்காவது கடையில் மட்டுந்தான் கிடைக்குமாம். இது என்ன நியாயம்?” என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

இக்கடைகளுக்குக் கட்டடம் இல்லை. இணையத்தின் வழியே விற்பனை நடைபெறுகிறது. காய்கறி மண்டியில் உழவர் கொண்டுவரும் சரக்கை விற்றுக்கொடுத்து மண்டிக்காரர் கமிஷன் பெறுவது போன்றே, விளையாட்டை ஆக்கியோரிடம் இக்கடைகளும் கமிஷன் பெறுகின்றன. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003ஆம் ஆண்டு ஸ்டீம் என்னும் கடையைத் தொடங்கிற்று. மறு ஆண்டு தன் சொந்த விளையாட்டான ஹாஃப்-லைஃப் 2 வெளிவந்தபோது, குறுந்தட்டில் வாங்கியவரும் ஸ்டீமில் கணக்குத் தொடங்கியே ஆகவேண்டும் என்று விதித்தது. பின்னர்ப் பிறர் ஆக்கிய விளையாட்டுகளையும் விற்று, பெருஞ்சந்தையாக வளர்ந்தது. விற்ற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் முப்பது ரூபாய் கடைக்கு என்பது வழக்கமாயிற்று.

2018ஆம் ஆண்டு டிசம்பரில் எபிக் நிறுவனம் போட்டிக் கடையொன்றைத் திறந்தது. அது கேட்ட கமிஷன் நூற்றுக்குப் பன்னிரண்டே. அதே காலத்தில் ஸ்டீமும், விற்பனை ஒரு கோடி டாலரைத் தாண்டினால் இருபத்தைந்தாகவும், ஐந்து கோடி டாலரைத் தாண்டினால் இருபதாகவும் தன் பங்கைக் குறைத்தது. போட்டியால் நன்மை இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. எனினும், அந்த நன்மை முதலில் சென்றடைந்தது ஆக்கியோரைத்தான் என்பதைக் கருதவேண்டும்.

வாங்குவோரைத் தன்பால் இழுக்க எபிக் வேறொரு வழியையும் கையாண்டது. சில விளையாட்டுகளின் ஆக்கியோர்க்கு முன்பணமாக ஒரு தொகையை உறுதி செய்து, குறிப்பிட்ட காலம்வரை தன் கடையில் மட்டும் விற்கும்படி உடன்படிக்கை செய்துகொண்டது. காஞ்சிபுரத்து நெசவாளர் முதலாளியிடம் முன்பணம் பெற்றால், அது தீரும்வரை அவருக்கே நெய்து தருவதை நாம் அறிவோம். முன்பணம் நெசவாளர் குடும்பத்தைக் காப்பதும் உண்மை. அவர் கையைக் கட்டுவதும் உண்மை.

மெட்ரோ எக்ஸோடஸ் என்னும் விளையாட்டு ஸ்டீமில் முன்பதிவுக்கு வைக்கப்பட்டிருந்தது. 2019 பிப்ரவரியில் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன், அது எபிக் கடைக்கு மாற்றப்பட்டது. முன்பதிவு செய்தவர்கள் ஸ்டீமிலேயே பெற்றனர். ஏனையோர் ஓராண்டு காத்திருக்கவோ கடை மாறவோ நேர்ந்தது. அமெரிக்காவில் விலை அறுபது டாலரிலிருந்து ஐம்பதாகக் குறைந்தது. ஆயினும் பலர் சினங்கொண்டனர். தம் நண்பர்களும் முன்பு வாங்கியவையும் ஒரு கடையில் இருக்க, புதியது மட்டும் வேறிடத்தில் இருப்பதை அவர்கள் விரும்பவில்லை.

இவ்வளவு இடர் இருந்தும் கணினி திறந்த வீதியைப் போன்றது. உரியவர் எந்தக் கடையையும் அதில் நிறுவிக்கொள்ளலாம். இதே வட்டாரத்தில் சுங்குவார்சத்திரத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் உருவாகும் ஐபோனோ ஒற்றை வாயிற் கோட்டை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டத்தின் வற்புறுத்தலால் 2024ஆம் ஆண்டு மாற்று வாயில்கள் திறந்தன. நம் நாட்டிலும் இவ்வினா எழுந்தது. கூகுள் தன் பிளே ஸ்டோரில் பணம் பெறும் முறைக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022ஆம் ஆண்டு அந்நிறுவனத்திற்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025இல் அதனைக் குறைத்தது.

இனி, என் மாணவரின் கேள்விக்கு வருவோம். நான்காவது கடையில் இன்னொரு கணக்குத் தொடங்குவது சிறு தொல்லையே. பெருந்தொல்லை வேறு. ஒரு கடையில் வாங்கியதை மற்றொரு கடைக்கு எடுத்துச் செல்ல வழியில்லை. ஆகவே, பத்தாண்டுகளாக வாங்கியவர் பத்தாண்டுகளாகக் கட்டுண்டவர் ஆகிறார். அன்றியும், அவர் பெற்றது பொருளன்று. பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. யூபிசாஃப்ட் நிறுவனம் தி க்ரூ என்ற விளையாட்டின் இணையச் சேவையை 2024 மார்ச்சு இறுதியில் நிறுத்தியபோது, விலை கொடுத்தவரும் அதனை விளையாட முடியாதவராயினர். அவ்வாண்டே கலிபோர்னியா மாநிலம், விற்பது அனுமதியே எனில் அதை வெளிப்படையாகக் கூறவேண்டும் என்று சட்டம் இயற்றியது. போலந்தில் 2008இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. கடை மாறாகச் செய்கிறது: வாங்கியவர் நிறுவுவதற்கான கோப்பைத் தரவிறக்கித் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம்.

ஆதலால் வாங்குமுன் மூன்று வினாக்களைக் கேட்டுப் பார்ப்பது நன்று. இப்பொருள் சில மாதங்களில் நான் விரும்பும் கடைக்கு வருமா? கடை மூடினால் இது என்னிடம் இருக்குமா? இணையம் இல்லாதபோதும் இயங்குமா? விலை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பவரைக் கடைகள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். இவ்வினாக்களைக் கேட்பவர்கள் பெருகினால், அவற்றிற்கு நல்ல விடை தருவதிலும் கடைகள் போட்டியிட நேரும்.