மோட்டாரும் செம்புப் பாதையும்

மோட்டாரை இயக்கும் சில்லு எரிந்துபோனால் சில்லின் தரத்தையே குறை கூறுவது வழக்கம். ஆனால் பல வேளைகளில் குற்றம் சில்லினுடையதன்று. அதைத் தாங்கும் மின்சுற்றுப் பலகையினுடையது. பலகையைத் திருத்தாமல் புதுச் சில்லு பொருத்தினால், அதுவும் எரிந்து கைப்பொருள் வீணாகும்.

படிப்படியாகச் சுழலும் சிறு மோட்டார்களை இயக்கும் ஏ4988 என்னும் சில்லை எடுத்துக்கொள்வோம். 5 மில்லிமீட்டர் சதுரமே உள்ள இது, 35 வோல்ட் அழுத்தத்தையும் 2 ஆம்பியர் மின்னோட்டத்தையும் உச்ச அளவாகக் கொண்டது. இத்தகைய சில்லுக்குப் பலகை அமைப்போர் நான்கு செய்திகளைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, பாதையின் அகலம். நீர் மிகுந்தால் வாய்க்காலும் அகல வேண்டுமன்றோ? வழக்கமான செம்புப் படலத்தின் கனம் 35 மைக்ரோமீட்டர். பலகையின் மேற்புறத்தில், வெப்பம் 10 பாகைக்கு மேல் ஏறாதிருக்க, 1 ஆம்பியருக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டரும், 2 ஆம்பியருக்குச் சுமார் 0.8 மில்லிமீட்டரும் அகலம் தேவை. மின்னோட்டம் இரட்டித்தால், அதே பாதையில் வெப்பம் நான்கு மடங்காகும்.

இரண்டாவது, வெப்பம் வெளியேறும் வழி. சில்லின் அடியிலுள்ள உலோகத் திண்டைப் பலகையோடு ஈயப்பற்று வைத்து, அதன் கீழ்ச் செம்பு பூசிய நுண்துளைகள் பல இட்டு, அடிப்புறத்தின் அகன்ற செம்புப் பரப்போடு இணைத்தல் வேண்டும்.

மூன்றாவது, மின்தேக்கிகள். மோட்டார்ச் சுருளில் ஓடும் மின்னோட்டம் உடனே நில்லாது. நிறுத்த முயன்றால் மூலத்தை நோக்கித் திரும்பும். மேலும், நீண்ட கம்பியால் 12 வோல்ட் மூலத்தை இணைக்கும் கணத்திலேயே அழுத்தம் 35 வோல்ட்டைக் கடந்து சில்லைக் கெடுத்துவிடக் கூடும். ஆதலின் 47 மைக்ரோபாரட்டுக்குக் குறையாத மின்தேக்கி ஒன்றையும், 0.1 மைக்ரோபாரட் பீங்கான் மின்தேக்கியையும் சில்லின் அருகிலேயே வைத்தல் இன்றியமையாதது.

நான்காவது, மின்னோட்டத்தை அளக்கும் மின்தடைகள். அவற்றில் எழும் அழுத்தம் அரை வோல்ட்டுக்கு உட்பட்டது. அவற்றின் தரை இணைப்பை வேறு மின்னோட்டம் கலவாத குறுகிய வழியில் சில்லோடு சேர்த்தல் வேண்டும். இன்றேல் அளவு பிழைபட்டு, மோட்டார் வலுவிழக்கும், அல்லது சூடேறும்.

இவற்றுக்குச் செலவு மிகுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. பலகை முழுவதும் செம்பு படிந்தே வருகின்றது. வேண்டாததைத்தான் அரித்து நீக்குகின்றோம். பாதையைக் குறுக்குவதால் மிச்சமாவது ஒன்றுமில்லை. சில்லொன்றை இழப்பதே மிஞ்சும்.