கறிக்குழம்பு உறையும்... சாளைக் குழம்பு உறையாது! ஏன்?

ராத்திரி வைத்த ஆட்டுக்கறிக் குழம்பைக் காலையில் திறந்து பாருங்கள். மேலே மெழுகு போல வெள்ளைப் படலம்! கோழிக் குழம்பில் எண்ணெய் மஞ்சளாக மிதக்கும். குளச்சலிலிருந்தோ முட்டத்திலிருந்தோ வரும் சாளை மீனின் (மத்தி) நெய்யோ உறையாமல் அப்படியே கிடக்கும். மூன்றும் கொழுப்புதானே, ஏன் இந்த வித்தியாசம்?

கொழுப்பு மூலக்கூறு என்பது ஒரு காம்பில் மூன்று வால் ஒட்டியது மாதிரி. அந்த வால்களுக்குக் கொழுப்பு அமிலம் என்று பெயர். நேரான ஈர்க்குச்சிகளைக் கட்டினால் வாரியல் இறுக்கமாக நிற்கும். வளைந்த குச்சிகளைக் கட்டினால் தொளதொளவென்று இருக்கும். கொழுப்பும் அப்படித்தான். நேரான வால் உள்ளது நிறைகொழுப்பு. அது நெருங்கி உறையும். வளைந்த வால் உள்ளது நிறைவுறாக் கொழுப்பு. அது இளகியே இருக்கும். ஆட்டுக் கொழுப்பில் உள்ள ஸ்டியரிக் அமிலம் உருக சுமார் 69 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஒரே ஒரு வளைவு உள்ள ஓலியிக் அமிலம் 13 டிகிரியிலேயே உருகிவிடும். சாளையின் ஒமேகா-3 அமிலங்களில் ஐந்து, ஆறு வளைவுகள்!

எங்கிருந்து வந்தது?

ஆடும் மாடும் அசைபோடுபவை. தழையில் இருப்பது வளைந்த கொழுப்புதான். ஆனால் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியை நிமிர்த்திவிடுகின்றன. கோழிக்கு அந்த வசதி இல்லை. தின்னும் தீவனத்தின் கொழுப்பே உடம்பிலும் சேரும். சாளைக்கு ஒமேகா-3 கிடைப்பது கடலின் நுண்பாசிகளிலிருந்து.

ரத்தக்குழாயிலும் உறையுமா?

"குழம்புல உறையற மாதிரி நெஞ்சுலயும் உறைஞ்சிடும்" என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியல்ல. நிறைகொழுப்பு அதிகமானால், ரத்தத்திலிருந்து எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்டிராலை எடுத்து அப்புறப்படுத்தும் வேலையில் கல்லீரல் மந்தமாகிவிடும். ஆபத்து அதில்தான்.

தேங்காயெண்ணெய் விஷயம்

"நாங்க சாளைதான் டாக்டர் சாப்பிடுகோம், பெறகு ஏன் கொலஸ்டிரால் கூடுது?" என்று கேட்பவர்கள், பொரிக்கும் சட்டியைப் பார்க்க வேண்டும். தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைகொழுப்பு. வால் குட்டையாக இருப்பதால் நம்மூர் வெயிலில் உருகிக் கிடக்கிறது, அவ்வளவுதான். ஃபிரிட்ஜில் வைத்த மீன் குழம்பின் மேல் வெள்ளையாகக் கட்டினால், அது பெரும்பாலும் மீனின் குற்றமல்ல, தேங்காயின் கைவரிசை! ஒருநாள் கலோரியில் நிறைகொழுப்பு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது சுமார் 22 கிராம். இரண்டு மேஜைக்கரண்டி தேங்காயெண்ணெயே அதை எட்டிவிடும்.

என்ன செய்யலாம்?

* வாரம் இரண்டு நாள் மீன். பொரிப்பதைவிடக் குழம்பு மேல். தேங்காய் அரைப்பதைப் பாதியாக்குங்கள்.
* கோழியைத் தோல் நீக்கி வாங்குங்கள்.
* ஆட்டுக்கறி என்றைக்காவது போதும். வெள்ளைக் கொழுப்பை வெட்டி எடுத்துவிட்டுச் சமையுங்கள். குழம்பை ஆறவைத்து, படலத்தை வழித்துப் போடுங்கள்.
* யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் சாளையைக் குறைக்க வேண்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்புக் கருவாடு ஆகாது.
* கொலஸ்டிரால் மாத்திரை சாப்பிடுபவர்கள், 'மீன் தின்கிறோமே' என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!

நாளைக் காலையில் குழம்புச் சட்டியைத் திறந்து பாருங்கள். எந்தக் கொழுப்பு எவ்வளவு என்று அதுவே ஓரளவு சொல்லிவிடும்.