ரயில் விளையாட்டில் பயணிகளுக்குப் பசிக்கும், தெரியுமா?

கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓடும் ரயிலிலும் சாப்பாடு போடலாம், அதற்குக் காசும் பார்க்கலாம், தெரியுமா? ஹான்ஸ்யோர்க் மால்தானர் தொடங்கிய இலவச விளையாட்டு 'சிமுட்ரான்ஸ்'. அதிலிருந்து கிளைத்த 'சிமுட்ரான்ஸ் எக்ஸ்டெண்டட்'டில் வண்டிகளின் விவரக்குறிப்பில் கேட்டரிங்குக்கென்றே ஒரு வரி உண்டு! அதில் நிலை 0 என்றால் பட்டினி. 5 என்றால் ராஜபோகம். பேன்ட்ரி கார் மாதிரி ஒரே ஒரு பெட்டியைக் கோத்துவிட்டால் போதும், ரயில் முழுக்கப் பந்தி!

யாருக்குப் பசிக்கிறது என்று அந்த விளையாட்டுக்கு எப்படித் தெரியும்? கடிகாரம் சொல்லும்! பயணம் குறைந்தபட்ச நிமிடங்களைத் தாண்டவில்லையா, கேட்டரிங் வருமானம் ஒரு காசுகூடக் கிடையாது. தாண்டிவிட்டால் நிமிடம் ஏற ஏற வருமானமும் ஏறும். ஒவ்வொரு நிலைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. ஐந்தாம் நிலைப் பெட்டியைப் பக்கத்து ஊர் வண்டியில் மாட்டிப் பாருங்கள், கீழ்நிலைப் பெட்டிக்குக் கிடைக்கும் அதே சில்லறைதான்! எஞ்சின் அதை வீணாக இழுத்துக்கொண்டு ஓடும். நெடுந்தூர வண்டியில் கோத்தாலோ இரட்டை லாபம். சாப்பாடு கிடைத்தால் பயணிகளின் சொகுசு மதிப்பும் உயர்கிறது. நீண்ட பயணத்தில் சொகுசு போதாவிட்டால் கட்டணமே குறைந்துவிடும் விளையாட்டு அது! பசிக்கென்று தனிக் கணக்கு வைக்காமல் பயண நேரத்தையே பசியாக்கிவிட்ட யோசனை இருக்கிறதே, அபாரம்!

ஓடும்போதே சாப்பாடு என்ற இந்த இடத்துக்கு நிஜ ரயில் வந்து சேர எத்தனை காலம் பிடித்தது தெரியுமா? இங்கிலாந்தின் ஸ்விண்டன் நிலையத்தில் 1842-ல் சிற்றுண்டிச் சாலை வந்தது. பயணிகள் வண்டிகள் அங்கே பத்து நிமிடம் நின்றே ஆகவேண்டும் என்று 99 ஆண்டு ஒப்பந்தம்! அங்கே கிடைத்த காபி காபியே அல்ல, வறுத்த தானியம் என்று 1845-ல் கடிதம் எழுதியவர் யார்? ஸ்விண்டன் வழியே போகும் கிரேட் வெஸ்டர்ன் ரயில் பாதையைக் கட்டிய பொறியாளர் புரூனெலேதான்! அந்தக் கட்டாய நிறுத்தத்திலிருந்து விடுபட கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1895-ல் 1,00,000 பவுண்டு கொட்டிக்கொடுத்தது. பத்து நிமிடத்தின் விலையைப் பாருங்கள்!

இதற்கிடையே 1879 நவம்பர் 1 அன்று லீட்ஸ்–லண்டன் வண்டியில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்ற புல்மன் சொகுசுப் பெட்டி ஓடும்போதே சமைத்துப் பரிமாறத் தொடங்கியது. ஆனால் அன்றைக்குப் பெட்டிக்குப் பெட்டி நடந்துபோக வழியே இல்லை. அந்தப் பெட்டியில் இடம் பிடித்தவருக்குத்தான் விருந்து! ஒரு பெட்டி ரயிலுக்கே சோறுபோடும் என்ற விளையாட்டு விதி, பெட்டிகளுக்கு இடையே நடைவழி வந்த பிறகே நிஜத்தில் செல்லும். பழங்காலப் பெட்டிகளை ஓட்டுகிறவர்களுக்காக இந்தக் கட்டுப்பாட்டையும் ஒருநாள் சேர்த்தால் எவ்வளவு சுவையாக இருக்கும்!

சிட் மையரின் 1990 ரயில் விளையாட்டு 'ரெயில்ரோட் டைகூன்' வேறு வழி போனது. ஸ்விண்டன் போலவே நிலையத்தில் உணவகம் கட்டினால், வந்திறங்கும் பயணிகளால் கூடுதல் வருமானம். 'ஓப்பன்டிடிடி' என்ற இன்னொரு விளையாட்டிலோ பெட்டி வடிவமைப்பவர் பயணிகள் 'பழசாகும்' வேகத்தையே மாற்றலாம். நேரம் போகப் போகக் கட்டணம் கரையும் விளையாட்டில், கரைவதை மெதுவாக்கும் பெட்டி என்றால் சும்மாவா!

இன்னொன்று தெரியுமா? எக்ஸ்டெண்டட்டில் அதே கேட்டரிங் வரியைத் தபால் பெட்டிக்கும் எழுதலாம். கடிதம் சாப்பிடுமா என்ன? ஓடும் ரயிலிலேயே கடிதங்களைப் பிரித்து அடுக்கும் நடமாடும் அஞ்சலகமாக அந்தப் பெட்டி மாறிவிடும்! நிஜத்தில் இந்த வேலை சாப்பாட்டை முந்திக்கொண்டது. இங்கிலாந்தில் 1838 ஜனவரியிலேயே இதற்காக நடந்த சோதனைக்குப் பயன்பட்டது, குதிரைகளை ஏற்றும் பெட்டி!