மூக்கு வழியே மூளைக்கு மருந்து

சாயம் ஏறாத துணியைப் பற்றித் திருப்பூர்வாசிகளுக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பருத்திக்கு ஏறும் சாயம் பாலியெஸ்டருக்கு ஏறாது என்பதைச் சாயப்பட்டறையில் ஒரு வாரம் வேலை பார்த்த பையனும் அறிவான். 1885-ஆம் வருஷம் ஜெர்மனியில் பால் எர்லிக் என்னும் பேரறிஞரும் ஏறக்குறைய இதே முடிவுக்குத்தான் வந்தார். பிராணிகளின் உடலில் அவர் சாயத்தை ஏற்றிப் பார்த்தபோது மற்ற உறுப்புகளெல்லாம் நிறம் பெற்றன. மூளை மாத்திரம் வெளுப்பாகவே இருந்தது. அந்தச் சாயத்தைப் பிடிக்கும் குணம் மூளைக்கு இல்லை போலும் என்று அவர் எண்ணினார்.

அவருடைய சீடர் எட்வின் கோல்ட்மன் 1913-ல் சோதனையைத் தலைகீழாக்கினார். டிரிப்பன் நீலம் என்ற சாயத்தை, மூளையைச் சூழ்ந்திருக்கும் நீரிலேயே செலுத்தினார். மூளை நன்றாக நீலம் ஏறிற்று. உடம்பின் ஏனைய பகுதிகள் வெளுப்பாக நின்றன! (டிரிப்பன் நீலம் பருத்திக்குப் போடும் சாயந்தான்; நம் ஊரார் இதைக் கேட்டுச் சற்றுப் பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.) ஆகவே குற்றம் துணியில் இல்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு மதில் இருக்கிறது.

மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் உயிரணுக்கள் இடைவெளியின்றி நெருங்கிக் கட்டப்பட்டிருப்பதே அம்மதில். நஞ்சு புகாமல் அது காக்கிறது; ஆனால் நல்ல மருந்தையும் பெரும்பாலும் வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. கொழுப்பில் கரையும் சிறு மருந்துகள் சிலவே அதைக் கடந்து செல்கின்றன.

இந்தக் கோட்டைக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. அதுதான் மூக்கு. மணத்தை அறியும் நரம்புகள் மூக்கின் உச்சியிலிருந்து, சல்லடை போல் துளைத்த ஓர் எலும்பின் வழியே நேராக மூளைக்குச் செல்கின்றன. நம் முன்னோர் இதை எவ்விதம் ஊகித்தார்களோ, சித்த வைத்தியத்தின் முப்பத்திரண்டு புற மருந்துகளில் மூக்கில் பிழியும் நசியத்துக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். திண்ணையில் பொடி போடும் தாத்தாவும் ஒரு சிட்டிகையில் மூளை விழித்துக் கொள்வதைக் கண்டவர்தாம். அவர் விஷயத்தில் புகையிலைச் சத்து மூக்கின் இரத்தக் குழாய்கள் வழியாகப் போகிறது என்பது வேறு சங்கதி.

வழி மெய்யாகவே உண்டு என்பதற்குத் துயரமான சாட்சியும் இருக்கிறது. 2024-ல் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் சில குழந்தைகளின் உயிரைக் குடித்த அமீபா, நீரோடு மூக்கில் புகுந்து, மண நரம்பைப் பற்றிக் கொண்டே மூளைக்கு ஏறுவது.

அமீபா ஏறும் வழியில் மருந்தும் ஏறாதா என்று கேட்கத் தோன்றும். எலிகளில் நன்றாகவே ஏறுகிறது. ஆனால் எலியின் மூக்கினுள் ஏறக்குறைய பாதியிடம் மணம் அறியும் தோல். மனிதனுக்கோ அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மறதி நோயாளிகளுக்கு இன்ஸுலினை மூக்கில் பீச்சி அமெரிக்காவில் ஓராண்டு காலம் நடத்திய சோதனையின் முடிவு 2020-ல் வெளியாயிற்று; நினைவாற்றலில் பலன் தெரியவில்லை. ஆகையால் எல்லா மூளை நோய்க்கும் மூக்கிலேயே மருந்து என்று யாரேனும் விளம்பரம் செய்தால், பணப்பையை இறுக முடிந்து கொள்வது நல்லது.

சில நோய்களில் மூக்கு வழி ஐயத்துக்கு இடமின்றிப் பயன்படுகிறது. அவற்றுள் ஒன்று வலிப்பு. மிடாசோலம் என்னும் மருந்து மூக்கின் ஈரத்தோலில் பட்டதும் இரத்தத்தில் கலக்கிறது. கொழுப்பில் கரைவதால் மதிலையும் எளிதில் தாண்டுகிறது. இது பின்வாசல் வழியன்று, தலைவாசலுக்குக் குறுக்கு வழி. டில்லி அகில இந்திய வைத்திய விஞ்ஞான நிலையத்தார் 46 குழந்தைகளுக்கு வந்த 188 வலிப்புகளில் இதைச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். ஆசனவாயில் செலுத்தும் டயஸிபாமுக்குப் பின் வலிப்பு நிற்கச் சராசரி மூன்று நிமிஷம். மூக்கு மருந்துக்கு இரண்டே நிமிஷம். கொடுப்பதும் சுலபம், மானமும் காக்கப்படுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினுக்கு முன் ஒருவர் வலிப்பில் சாய்ந்தால் இன்றும் முதலில் வருவது சாவிக்கொத்துத்தான். பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் இரும்பு தேடி ஓடுவதை நாம் கண்டிருக்கிறோம். வலிப்பு தானாக நிற்கும். இரும்புக்குப் புகழ் சேரும். ஐந்து நிமிஷத்துக்கு மேலும் நிற்காத வலிப்போ மூளையைக் கெடுக்கக் கூடியது. அப்போது சாவியைப் பிடித்துக் கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் வீண்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. மிஷினை நிறுத்தி, விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கலாகாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 108-க்குச் சொல்ல வேண்டும். வலிப்பு நோயுள்ளவருக்கு வைத்தியர் மிடாசோலம் பீச்சு எழுதிக் கொடுத்திருந்தால், அவர் சொன்ன அளவில் மூக்கில் பீச்ச வேண்டும். நோயாளி உறிஞ்ச வேண்டியதில்லை, விழுங்க வேண்டியதில்லை. பிறகு மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று கவனித்திருக்க வேண்டும். இம்மருந்து சிலருக்கு மூச்சை மந்தமாக்கும்.

வெளியூரிலிருந்து வந்து விடுதிகளில் தங்கிக் கம்பெனிக்குப் போகும் பெண்கள், வேலை போய்விடுமோ என்றும் கல்யாணம் தடைப்படுமோ என்றும் அஞ்சி இந்நோயை மறைத்து விடுகிறார்கள். பீச்சு பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தால் யாருக்குப் பயன்? பக்கத்துக் கட்டிலில் உறங்கும் ஒரு தோழிக்கேனும் அது இருக்கும் இடமும் உபயோகிக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். பஞ்சுத் தூசியிலேயே நாள் முழுதும் இருப்பவர்களுக்கு மூக்கு அடைத்துக் கொள்வது சகஜம்; அடைத்த மூக்கில் மருந்து சரியாக ஏறாது. அதையும் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.