சொல்லக் கூசும் ஒரு தொல்லை

கலியாண வீடு, கோயில் திருவிழா, தூரப் பிரயாணம் என்றால் மற்றையோர் உடையையும் நகையையும் எண்ணுவர். சில மாதரோ, அங்கே மலசலகூடம் எங்கிருக்கின்றது என்பதையே முதலில் எண்ணுவர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் செல்லவேண்டுமாயின், மத்தியானம் முதலே ஒரு மிடறு நீரும் அருந்தார். கேட்டால், “தாகமில்லை” என்பர். உண்மைக் காரணம் பக்கத்திலிருக்கும் கணவனுக்கும் தெரியாது.

இஃது ஒரு நோய். ‘மிகையாக இயங்கும் சலப்பை’ என்று வைத்தியர் இதனைக் குறிப்பர். சலம் கழிக்கவேண்டுமென்ற உணர்ச்சி சடுதியாகவும் அடக்குதற்கரிய வேகத்தோடும் எழுதலே இதன் தலையாய குறி. அடிக்கடி போதலும், இரவில் துயில் கலைந்து எழுதலும் பெரும்பாலும் உடன்வரும். சிலருக்குப் போய்ச் சேருமுன்னரே கசிந்துவிடும். 2002ஆம் ஆண்டில் இத்துறை அறிஞரின் சர்வதேசச் சங்கம் வகுத்த இலக்கணமும் இதுவே. இருமும்போதும் தும்மும்போதும் மாத்திரம் கசிவது வேறு. அது தாங்கும் தசைகளின் தளர்ச்சியால் வருவது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருத்தலும் உண்டு.

சலப்பை தசையாலாய ஒரு பை. வளர்ந்தோரில் ஏறக்குறைய 300 முதல் 500 மில்லிலீற்றர் வரை கொள்ளும். அது நிறையும்வரை தசை தளர்ந்திருக்கும். மூளை இசைவு தந்த பின்னரே சுருங்கும். இந்நோயிலோ, பாதி நிறையுமுன்னரே தசை தன் இச்சையாகச் சுருங்க முற்படுகின்றது.

கனடா, ஜேர்மனி, இத்தாலி, சுவீடன், பிரித்தானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடைபெற்று, 2006இல் வெளிவந்த ஆய்வொன்று, வயதுவந்த பெண்களில் 100க்கு ஏறக்குறைய 13 பேரிடம் இதன் குறிகளைக் கண்டது. ஆயினும், இதனை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்பவர் சிலரே. “பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான்” என்பர் மூத்தோர்; “உடம்புச் சூடு” என்பர் அயலார். தடிமனுக்கு மருந்து வாங்கச் சென்றவள் இதை மாத்திரம் விழுங்கிக்கொண்டு திரும்புகின்றாள்.

மறைப்பவர் தாமே கைக்கொள்ளும் பரிகாரங்கள் நோயை வளர்ப்பவை. நீரைக் குறைத்தால் சலம் செறிந்து பையை உறுத்தும். மலச்சிக்கலும் சேர்ந்து அதனை அழுத்தும். “எதற்கும் ஒருமுறை போய்விட்டு வருவோம்” என்று அவசியமின்றி அடிக்கடி போனால், சலப்பை சிறிதளவுக்கே அவசரப்படப் பழகிவிடும்.

அதனை மறுபடியும் பழக்குதலே முதற் சிகிச்சை. உணர்ச்சி எழுந்தவுடன் ஓடாது, அமர்ந்து, 5 நிமிடம் பொறுத்தல். சில நாளில் 10, பின்னர் 15 என நீட்டுதல். அவ்வேளையில் இடுப்பின் அடித்தளத் தசைகளை மேனோக்கி இறுக்கினால் அவசரம் தணியும். இத்தசைகளுக்கான அப்பியாசத்தை அமெரிக்க வைத்தியர் ஆர்னல்ட் கேகல் 1948இல் எழுதிப் பரப்பினார். பலன் காண ஆறு வாரமேனும் செல்லும். தேநீரையும் கோப்பியையும் குறைத்தல் நன்று. தேயிலை நாட்டுப் பெண்ணிடம் இதைச் சொல்வது எளிதன்று! அந்திக்குப் பிந்திய கோப்பையையாவது விடலாம். இவை போதாவிடின் மருந்துகளும் உள. அவற்றுட் சில வாயை வரட்டும், மலத்தை இறுக்கும். ஆதலின் கடையில் தாமாக வாங்குதல் தகாது.

எனினும், அடிக்கடி சலம் போதலெல்லாம் இந்நோயன்று. நீரிழிவு, சலப்பாதைக் கிருமித் தொற்று, கல், கருப்பையிறக்கம் ஆகியவையும் இவ்வாறு தோன்றும். சலத்தையும் இரத்தச் சீனியையும் பரிசோதித்தே வைத்தியர் நிச்சயிப்பார். சலத்தில் இரத்தம் தென்பட்டால் ஒரு நாளும் தாமதித்தலாகாது.

போகுமுன் மூன்று நாளைக்கு ஒரு கொப்பியில் குறித்துக்கொள்க: எப்போது, எவ்வளவு அருந்தினீர், எத்தனை மணிக்குப் போனீர், இரவில் எத்தனை முறை எழுந்தீர், கசிந்ததா. வைத்தியர் முதலிற் கேட்பதும் இவற்றையே. வாய் திறக்கக் கூசுபவர் அக்கொப்பியை மேசைமேல் வைத்தாற் போதும்.